ஜூன் மாதத்துப் பெண்

எக்ஸ்ரே வீட்டில் காலண்டர் அச்சாகிறது என்றால் எங்கள் கட்டடத்தில் யாரும் படியில் தடதடவென்று இறங்கக் கூடாது. கதவை அறைந்து சாத்தக் கூடாது. மேல்மாடிக்காரர் கட்டிலை நகர்த்தக் கூடாது. மேசை துளி ஆடினாலும் படத்தில் கோடு விழுந்துவிடுமாம். எக்ஸ்ரே என்கிற அந்த மனிதர் வாசலில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "கொஞ்சம் மெதுவா போங்க, அச்சு ஓடுது" என்று கெஞ்சுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் வீட்டுத் தரைதான் என் வீட்டுக் கூரை. அந்தப் பிரிண்டர் கர்ர் கர்ர் என்று காகிதத்தை இழுப்பதை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு கிடப்பவள் நான். புகார் சொல்ல வேண்டியது நானா, அவரா?

எக்ஸ்ரே என்பது நாங்கள் வைத்த பெயர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவர் வேலை. "நெஞ்ச ஒட்டி நில்லுங்க, மூச்ச இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லி வீட்டிலும் அதே குரல் ஆகிவிட்டது. உலகத்தில் அவருக்கு ஆகாத ஒரே விஷயம் கலங்கல். யாராவது ஒரு நோயாளி இருமிவிட்டு, படம் கலங்கிப்போய், திரும்ப எடுக்க வேண்டி வந்தால், அதைத் திருட்டுப் போன மாதிரி வந்து என்னிடம் சொல்வார். "படம் தெளிவா இருந்தா பொய் சொல்லாதுக்கா" என்பார். அது அவருடைய வேதவாக்கு.

அவர் மனைவி கர்ட்டன் கடையில் தைக்கிறாள். நான் அவளைத் தையல்காரி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு ஜன்னல் அகலத்துக்குத் துணியை விரித்து, ஓரம் மடித்து, கோடு பிசகாமல் அடித்துக்கொண்டே போவாள். வாய் மட்டும் அதிகம் பேசாது. பேசினால் நறுக்கென்று இருக்கும்.

வருஷம் முடிகிற சமயத்தில் எக்ஸ்ரே வீட்டிலேயே காலண்டர் போடுவார். பன்னிரண்டு தாள். மேல்பாதியில் குடும்பப் படம், கீழ்ப்பாதியில் தேதிக் கட்டம். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒன்று, எனக்கும் ஒன்று. வாங்குகிறவர்கள் புரட்டிப் புரட்டித் தங்கள் படம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் நல்ல காலண்டர். இல்லாவிட்டால் "தேதியெல்லாம் ரொம்பப் பொடிசா இருக்கே" என்பார்கள்.

அந்த வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். பெரியவள் அப்பாவைப் போல அமைதி. சின்னவளுக்கு வாலு என்று பெயர் வைத்தவள் நான்தான். படிக்கட்டின் கைப்பிடியில் வழுக்கிக்கொண்டு வந்து என் வாசல் மிதியடியில் விழுவாள். விழுந்ததற்கு அழாமல், மிதியடி சரியில்லை என்று என்னிடம் சண்டை போடுவாள். ஒரு இடத்தில் ஒரு நிமிஷம் உட்கார மாட்டாள். அப்பா படம் எடுக்க ஃபோனைத் தூக்கினால் போதும், தலையை ஆட்டத் தொடங்கிவிடுவாள். அவர் எடுத்த படங்களில் எல்லாம் வாலு இருந்த இடத்தில் ஒரு இழுப்புத்தான் இருக்கும். பள்ளிக்கூட அடையாள அட்டையில் கட்டைவிரல் அளவு ஒரு படம் உண்டு. அதிலும் தும்மிக்கொண்டிருந்தாள்.

வாலுவுக்கு இடது கண் கொஞ்சம் ஒதுங்கும். எப்போதும் இல்லை. களைத்திருந்தாலோ, யாரையாவது பிடித்துப்போய் உற்றுப் பார்த்தாலோ அந்தக் கண் மட்டும் மூக்குப் பக்கம் நகர்ந்துவிடும். எனக்கு அது அழகாகத்தான் இருக்கும். எக்ஸ்ரேயின் அக்கா, அதாவது தையல்காரியின் நாத்தனார், வரும்போதெல்லாம் "என்னைப் பாக்குறியா, செவுத்தப் பாக்குறியா" என்று குழந்தையின் தாடையைப் பிடித்துத் திருப்புவாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க வீட்டுல யாருக்கும் இப்படிக் கிடையாது" என்பாள். கிடையாதுதான். அது தையல்காரியின் அப்பாவுடைய கண். எக்ஸ்ரே அக்காவிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். பள்ளிக்கூட லீவில் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

லீவு வருவதற்குள் காய்ச்சல் வந்தது. எக்ஸ்ரே வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பி வந்தபோது வாலு இல்லை. ஆறு வயசு.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் காலண்டர் இல்லை. கர்ட்டன் துணி மிச்சத்தில் தையல்காரி ஒரு உறை தைத்துப் பிரிண்டர் மேல் போட்டு மூடிவிட்டாள். சொந்தக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். வாலு பேச்சை எடுத்தால் தாய் அழுவாள் என்று யாரும் எடுக்கவில்லை. நல்லெண்ணம்தான். அப்படியே எடுக்காமல் எடுக்காமல், அப்படி ஒரு குழந்தையே இந்தக் கட்டடத்தில் இருந்ததில்லை என்கிற மாதிரி ஆகிவிட்டது.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் தையல்காரி என் வீட்டில் வெங்காயம் உரித்துக் கொடுக்க, நான் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. திடீரென்று சொன்னாள்.

"இந்த வருஷம் காலண்டர் போடச் சொல்லப் போறேன்க்கா."

"போடட்டும். எனக்கும் தேதி பாக்க ஒண்ணு வேணும்."

"ஜூன் மாசத்துக்கு வாலு படம்."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். ஜூனில்தான் அவள் பிறந்தாள்.

"அவரு என்ன சொல்வாரோ."

"என்ன வேணா சொல்லட்டும். ஒரு மாசம்க்கா. ஒரே ஒரு மாசம் சொந்தக்காரங்க எல்லார் வீட்டுச் செவுத்துலயும் அவ இருக்கணும். சோறு திங்கும்போது பாக்கணும். தேதி பாக்கும்போது பாக்கணும். அந்தக் கண்ணோட பாக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

எக்ஸ்ரே மறு பேச்சுப் பேசவில்லை. பிரிண்டர் உறையைக் கழற்றினார். இரண்டு வருஷம் சும்மா கிடந்ததில் மை வருகிற துளையெல்லாம் அடைத்துக் கிடந்தது. வெந்நீரில் நனைத்த பஞ்சை வைத்து ஒற்றி எடுத்துக்கொண்டே இருந்தார். சோதனைத் தாளில் முதலில் நீலம் வரவில்லை, பிறகு மஞ்சள் வரவில்லை. எல்லாம் வரும்வரை அந்த மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. புது மை வாங்கினார். கனமான காகிதம் வாங்கினார். அந்தக் காகிதத்தில் ஒரு பக்கத்துக்குத்தான் பூச்சு உண்டு. எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாது. உதட்டை ஈரம் பண்ணி ஓரத்தில் ஒற்றிப் பார்ப்பார். ஒட்டுகிற பக்கம் பூச்சுப் பக்கம். தாளுக்குத் தாள் முத்தம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "பெண்டாட்டிக்குக்கூட இவ்வளவு கொடுத்திருக்க மாட்டீங்க" என்றேன். சிரித்தார். இரண்டு வருஷத்தில் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

மழை ஈரத்தில் காகிதம் சுருண்டது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். காகிதக் கட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டார். "உலை வைக்கணும்னா முதல்ல காலண்டரத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கு" என்று தையல்காரி அலுத்துக்கொண்டாள். அலுப்பில் ஒரு சந்தோஷம் இருந்தது. அச்சான தாளைக் கயிறு கட்டி கிளிப் போட்டுக் காய வைத்தார்கள். தூசி ஒட்டும் என்று ஃபேன் போடவில்லை. அந்தப் புழுக்கத்தில் பெரியவள் வேர்க்க விறுவிறுக்கப் பாடம் படித்தாள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று வரிசையாகத் தொங்கின. நாத்தனார் வீட்டுக் கல்யாணப் படத்தில் மாலையில் இருந்த ஒவ்வொரு பூவையும் எண்ணலாம்.

ஜூனில்தான் வந்து இடித்தது.

வாலு அசையாமல் உட்கார்ந்த படம் ஒன்றே ஒன்றுதான். எக்ஸ்ரேயின் தம்பி எடுத்தது. அவன் ஃபோன் கடையில் வேலை பார்க்கிறான். எப்போதும் கையில் புது ஃபோன் வைத்திருப்பான். ஒரு தடவை எல்லாருமாக ஏரிக்கரைக்குப் போயிருந்தபோது, வாலு கரைச்சுவரில் உட்கார்ந்து ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தாள். முன்பல் விழுந்த சமயம் என்பதால் கடைவாயால் கடிக்கிறாள். பார்வை கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற அம்மா மேல் இருக்கிறது. அந்தப் படத்தை அவன் அப்போதே அண்ணிக்கு மெசேஜில் அனுப்பியிருந்தான். அதுதான் தையல்காரியிடம் இருந்தது. ஃபோனில் பார்த்தால் ஏரி, சுவர், சுவர் மேல் ஒரு சின்னப் பெண். முகம் ஒரு மொச்சைக்கொட்டை அளவு. கண் ஒதுங்கியிருப்பது, தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த முகத்தைக் காலண்டர் அளவுக்குப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. எக்ஸ்ரே விடவில்லை. காகிதத்தை மாற்றினார், மையைக் கூட்டினார், குறைத்தார், பிரிண்டரை மெதுவாக ஓட விட்டார். எதுவும் ஆகவில்லை. மெசேஜில் வரும்போதே படம் சுருங்கிவிடுமாம். இல்லாததைப் பிரிண்டர் எங்கிருந்து கொண்டுவரும்?

"சின்னதாப் போட்டா தெளிவா வரும்" என்றார்.

"எவ்வளவு சின்னதா?"

"ஒரு தீப்பெட்டி அளவு."

"மத்தவங்க எல்லாம் தாள் முழுக்க உக்காந்திருக்க, இவ மட்டும் தீப்பெட்டிக்குள்ளயா?"

அவர் தம்பிக்கு ஃபோன் போட்டார். அசல் படம் அவன் ஃபோனில் இருக்குமே, அதை அப்படியே கொண்டுவந்தால் போதும்.

"இருக்கும்ண்ணா. பழைய ஃபோன்ல இருக்கும். தேடிப் பாத்துக் கொண்டு வரேன்" என்றான்.

தேடினான், தேடினான், அப்படித் தேடினான். நாளைக்கு வருகிறேன் என்பான், மழை என்பான். கடையில் கூட்டம் என்பான். தையல்காரி தினமும் வேலை விட்டு வந்ததும் என் வாசலில் நின்று, "கொழுந்தனார் வந்தாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே ஏறுவாள். மற்ற பதினோரு தாளும் காய்ந்து, அடுக்கி, மேலே கனத்துக்குப் புத்தகம் வைத்துக் காத்திருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தான். முந்தின நாளே படத்தை அண்ணனுக்கு ஈமெயிலில் அனுப்பிவிட்டானாம். அச்சானதும் கூட இருந்து பார்க்கலாம் என்று பன் பாக்கெட்டோடு வந்திருந்தான். பெரியவள் என்னையும் கூப்பிட்டாள். "பெரியம்மா, அம்மா வரச் சொன்னாங்க. ஜூன் போடப் போறாங்க."

போனேன். ஜன்னலை எல்லாம் சாத்தி வைத்திருந்தார்கள். மழை விட்டிருந்தாலும் காற்றில் ஈரம். எக்ஸ்ரே ஒரு தாளை எடுத்து உதட்டில் ஒற்றி, பக்கம் பார்த்து, பிரிண்டருக்குள் வைத்தார். தையல்காரி மேசையின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். தாள் வெளியே வருகிற வாய்க்கு நேராக அவள் முகம் இருந்தது.

கர்ர் என்று இழுத்தது. முதலில் ஏரி வந்தது. பிறகு தலைமுடி. அடேயப்பா, என்ன தெளிவு. காற்றில் பறந்த ஒரு முடி தனியாக நின்றது.

"முடி முடியா தெரியுது பாருங்க" என்றான் தம்பி.

நெற்றி வந்தது. புருவம் வந்தது. கண் வந்ததும் தையல்காரியின் கை மேலே எழும்பியது.

"தொடாத, மை காயல" என்றார் எக்ஸ்ரே.

மூக்கு, கன்னம், ஆப்பிள், வாய் எல்லாம் வந்து, கீழே ஜூன் மாதத்துத் தேதியெல்லாம் வந்து, தாள் வெளியே விழுந்தது. அழகான குழந்தை. இரண்டு கண்ணும் பளிச்சென்று நேராக நம்மைப் பார்க்கின்றன. ஆப்பிளுக்கு மேலே சின்னச் சின்னதாக வரிசைப் பல். கன்னம் மாவு மாதிரி வழவழவென்று இருந்தது. நான் "ஐயோ, நம்ம வாலு" என்று சொல்ல வாயெடுத்தேன். என்னமோ ஒன்று தடுத்தது.

"இது யாரு?" என்றாள் தையல்காரி.

தம்பி அண்ணனைப் பார்த்தான்.

"உங்களைத்தான் கேக்குறேன். இது யாரு?"

"நம்ம வாலுதான்" என்றார் எக்ஸ்ரே. அவர் பிரிண்டரின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"கண்ணு?"

"அது வந்து, மெசேஜ்ல சுருங்கின படத்துல அப்படித் தெரிஞ்சிருக்கும். அசல்ல நேராத்தான் இருந்திருக்கு."

"பொறந்ததுலேர்ந்து அந்தக் கண்ணு எனக்கு மெசேஜ்லயா வந்துச்சு?"

தம்பி ஒரு பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். "நான் க்ளிக் பண்ற நேரத்துல நேராப் பாத்திருப்பா அண்ணி. சின்னப் பிள்ளைங்கதானே, மாறி மாறிப் பாக்கும்" என்றான்.

"பல்லு?"

"பல்லா?"

"ஏரிக்குப் போறதுக்கு முந்தின வாரம்தான் பல்லு விழுந்துச்சு. முன்பல்லு ரெண்டும். நீங்கதான் 'ஓட்டவாயி'ன்னு கூப்பிட்டு அழ வெச்சீங்க. எப்படி முளைச்சுது?"

பன் அவன் தொண்டையில் நின்றுவிட்டது. பெரியவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அந்த ஃபோன் இல்ல அண்ணி. புதுசு வாங்கும்போது எக்ஸ்சேஞ்சுல கொடுத்துட்டேன். கொடுக்கும்போது உள்ள இருக்கறத எல்லாம் அழிச்சுத்தானே கொடுக்கணும். அப்ப அவ நல்லாத்தான் இருந்தா. நான் என்ன கண்டேன்."

"அப்ப இது?"

"நீங்க வெச்சிருக்கிற அதே படம்தான். ஒரு ஆப்புல போட்டேன். மங்கலா இருக்கறதத் தெளிவாக்கிக் கொடுக்கும். ஒரு பட்டன்தான். எல்லாரும் இப்ப அப்படித்தான் பண்றாங்க. முகத்துல எங்க என்ன இருக்கணும்னு அதுக்கே தெரியும், அதுவே போட்டுக்கும்."

"அதுக்குத் தெரியுமா."

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. இல்லன்னு சொல்ல வாய் வரல. எத்தனை தடவை ஃபோன் பண்ணீங்க."

எனக்கு அவனை நாலு கேட்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவனைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. இல்லாததை இல்லை என்று சொல்லத் தைரியம் வராத ஜன்மம். அவ்வளவுதான் அவன் குற்றம். தையல்காரி அவனை அதோடு விட்டுவிட்டாள். புருஷன் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

எக்ஸ்ரே துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு எலும்புல மயிரிழை மாதிரி வெடிப்பு இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவேன்னு சொல்வீங்களே. இது உங்களுக்குத் தெரியலயா?"

"நேத்தே தெரிஞ்சுது" என்றார்.

"தெரிஞ்சும் போட்டீங்களா?"

"நல்லா இருந்துச்சு."

அவர் அதை மிகவும் மெல்லச் சொன்னார். பிறகு துணியை மடித்துக் கீழே வைத்தார்.

"லீவுல ஆபரேஷன் பண்றதா இருந்தோம்ல. பண்ணியிருந்தா இப்படித்தானே இருந்திருப்பா. நேத்து திறந்ததும் அதுதான் தோணுச்சு. மூட மனசு வரல. அவளுக்கு முதல்லயே பண்ணியிருக்கலாம். அக்கா சொல்றப்பல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அக்காவையும் எதுத்துப் பேசல, ஆபரேஷனும் பண்ணல. ஒரு நாளாவது நேரா இருக்கட்டும்னு நினைச்சேன்."

"அந்தக் கண்ணு உங்களுக்கு அசிங்கமா இருந்துச்சா?"

"அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொல்றீங்க?"

பெரியவள் எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டாள். எக்ஸ்ரே தரையில் உட்கார்ந்தார்.

"நான் அவள எத்தனையோ படம் எடுத்தேன். எல்லாத்துலயும் ஆடிட்டா. ஆடாம வந்தது ஒண்ணே ஒண்ணுதான். அந்தக் காய்ச்சல்ல நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தேனே, அது. அன்னைக்கு அசையாதன்னு நான் சொல்லவே இல்ல. தானா அசையாமக் கிடந்தா. அவ்வளவு தெளிவா வந்துச்சு."

தம்பி செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டான். பன் பாக்கெட் மேசையில் கிடந்தது. எனக்கு எழுந்து போகவும் தெரியவில்லை, இருக்கவும் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எக்ஸ்ரே எழுந்தார். தையல்காரியின் ஃபோனில் இருந்த படத்தையே எடுத்து, அதையே பெரிதாக்கி, ஒன்று அச்சிட்டார். அவள் கேட்காமலேதான் செய்தார். தாள் வந்தது. ஏரி ஒரு நீலக் கறை. முகம் இருந்த இடத்தில் தவிட்டு நிறத்தில் கட்டங்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புத் திட்டு. நேரும் இல்லை, ஒதுக்கமும் இல்லை. தள்ளி நின்று பார்த்தால் ஒரு குழந்தை என்று தெரியும். கிட்டே போனால் ஒன்றும் கிடையாது.

தையல்காரி அதைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றதை மேசையில் வைத்துக்கொண்டு, மாறி மாறிப் பார்த்தாள்.

"இது நம்ம வீட்டுக்கு" என்றாள் கலங்கலைக் காட்டி.

"மத்தவங்களுக்கு?"

"அத அனுப்புங்க."

"வேண்டாம். ஜூனுக்கு வேற படம் போட்டுக்கலாம்."

"எதுக்கு? அவங்க கேட்ட பொண்ணு இதுதானே. உங்க அக்காவுக்கு இதுதானே வேணும். உங்களுக்கும் இதுதானே வேணும். அனுப்புங்க, மாட்டிக்கட்டும்."

நான்கூட, "இரும்மா, கோவத்துல முடிவெடுக்காத" என்றேன். அவள் கோபத்தில் இல்லை. ஓரம் தைக்கும்போது துணியை இழுத்துப் பிடிக்கிற முகம்தான் இருந்தது. அன்றைக்கு அந்தப் பிரிண்டர் சாயங்காலம் வரை இழுத்துக்கொண்டே இருந்தது. படியில் யார் ஓடினாலும் எக்ஸ்ரே வெளியே வந்து ஒன்றும் சொல்லவில்லை.

வருஷம் பிறந்தது. ஒவ்வொரு மாதமாகப் புரட்டினோம். ஜூன் முதல் தேதி காலையிலேயே அவர்கள் வீட்டில் ஃபோன் அடிக்கத் தொடங்கியது. எனக்குக் கீழே வரை கேட்டது. யார் கூப்பிட்டாலும் அதே பேச்சு. எவ்வளவு லட்சணம், எவ்வளவு களை, இவ்வளவு அழகா இருந்தாளா. நாத்தனார் அழுதாளாம். அழுதுகொண்டே, "கண்ணு நல்லாத்தானே இருந்திருக்கு. நாமதான் அந்தப் பிள்ளையப் போய்க் குறை சொல்லியிருக்கோம்" என்றாளாம். ஜூன் முடிந்தாலும் புரட்ட மாட்டேன், அப்படியே மாட்டி வைத்திருப்பேன் என்றாளாம். இதைத் தையல்காரி என்னிடம் சொன்னபோது சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கக் கூடாது.

எக்ஸ்ரே மட்டும் அந்த மாதம் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார். படியில் ஒரு நாள் என்னைப் பார்த்து, "எல்லாரும் கேக்குறாங்கக்கா, எந்த ஸ்டூடியோவுல போட்டீங்கன்னு" என்றார். நான் குப்பை வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

என் வீட்டில் மாட்டியிருப்பதும் அந்த நேர்க்கண்காரிதான். எடுத்துவிடலாம் என்று பல தடவை கை போனது. எடுத்தால் தையல்காரி என்ன நினைப்பாளோ, எடுக்காவிட்டால் என்ன நினைப்பாளோ. அப்படியே விட்டிருந்தேன். தினமும் உலை வைக்கும்போது அது என்னைப் பார்க்கும். நானும் பார்ப்பேன்.

ஜூன் முடிகிற வாக்கில் ஒரு மத்தியானம் தையல்காரி வந்தாள். கடையில் வேலை இல்லையாம், சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க வீட்டுல இருக்கறத நான் தினம் காலையில பாக்குறேன். வேலைக்குப் போறதுக்கு முன்னாடி நின்னு பாக்குறேன். எவ்வளவு நேரம் பாத்தாலும் சரி, வெளிய வந்து கண்ண மூடினா, உங்க வீட்டுல இருக்கறவதான் வரா."

"அதெல்லாம் சரியாப் போயிடும்மா. நாலு மாசம் போனா மறந்துடும்."

"எது மறந்துடும்?"

நான் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ஒண்ணு கேக்கணும்க்கா. நீங்க தினம் பாத்திருக்கீங்க. அவளுக்கு ஒதுங்கினது எந்தக் கண்ணு?"

"என்னம்மா இப்படிக் கேக்குற?"

"தலை வாரி விடும்போது கண்ணாடியிலதான் அவ முகத்தப் பாப்பேன். கண்ணாடியில ஒரு பக்கம் இருக்கும், நேர்ல ஒரு பக்கம் இருக்கும். நேத்து உக்காந்து யோசிச்சேன். ரெண்டும் கலந்து போச்சு. ஃபோன்ல இருக்கற படத்தப் பாத்தாலும், அந்த அளவுல எந்தப் பக்கம்னு பிடிபடல."

"அவர்கிட்ட கேளேன். அவருக்குத் தெரியாமலா?"

"கேக்க மாட்டேன். எந்தக் கண்ணுன்னு அவரும் என்னையே திருப்பிக் கேட்டுட்டா?"

நான் சட்டென்று, "இடது கண்ணும்மா. இதுல என்ன சந்தேகம். இடது கண்ணுதான்" என்றேன்.

"இடதுதானே" என்றாள். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆறிப்போன தேநீரைக் குடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மேலே போனாள்.

அவள் போன பிறகு சுவருக்கு எதிரே போய் நின்றேன். வாலு மிதியடியில் விழுந்து எழுந்து, என்னை உற்றுப் பார்த்துச் சண்டை போடுவாளே, அந்த முகத்தைக் கொண்டுவரப் பார்த்தேன். சத்தம் வந்தது. மிதியடி வந்தது. முகம் வரும்போது இரண்டு கண்ணும் நேராக வந்தன. ஆரம்பத்தில் உங்களிடமும் இடது கண் என்றுதான் சொன்னேன். அது அவளுடைய இடது கண்ணா, எதிரே நின்று பார்த்த எனக்கு இடது பக்கம் இருந்த கண்ணா என்று கேட்டால் இப்போது என்னால் சொல்ல முடியாது.